அக்கா, என் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு

அன்பும் அதட்டலும் ஒருங்கே நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உன் தம்பி பெண்டாட்டி நலம், தையல் கடை நலம், மிஷின் மிக நலம். நலமில்லாதது நான் ஒருவன்தான். அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, சிகரெட்டை விட்டவன் நானல்லவா?

டாக்டர் என் நெஞ்சு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார், நீ அழுதாய், நான் உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். சரி. ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? மறுநாளே துணியில் கோடு போடும் சாக்கட்டியை உதட்டில் சொருகி, லைட்டரையும் பற்றவைத்துவிட்டேன். கோட்டு தைக்க வந்திருந்த வக்கீல் மெதுவாக, "அது புகையாதுங்க" என்றார். வாய்க்கு வேலை போன ஆத்திரம் கைக்கு வந்துவிட்டது. தைத்தேன், தைத்தேன், அவர் கோட்டின் பைகளையும் சேர்த்து மூடித் தைத்துவிட்டேன். மனுஷன் கோர்ட்டிலிருந்து நேரே கடைக்கு வந்து கத்தினார்: "என் ஃபோன் பாடுது, ஜட்ஜ் என்னையே பாக்குறாரு, ஒளிச்சு வைக்கலாம்னு கோட்டைத் தடவுறேன், எங்கயும் ஓட்டையே இல்லய்யா!"

இதையாவது பொறுக்கலாம். மூக்கு திறந்துகொண்டதுதான் பெரிய இடி. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "என்னடி, உப்பு இப்படிக் கரிக்குது?" என்றேன். "கல்யாணமான நாள்லேருந்து இதே உப்புதான். இப்பதான் உங்க நாக்கு வீட்டுக்கு வந்திருக்கு" என்கிறாள். அது போகட்டும், என் தொழிலை யோசித்துப் பார். நாளெல்லாம் ஆட்களின் கையைத் தூக்கச் சொல்லி அக்குளுக்கடியில் நாடா விடுகிறவன் நான்! நேற்று ஒரு பயில்வான் வந்தார். "கையைத் தூக்குங்க" என்றேன், தூக்கினார், அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தால் அவர் என்னைக் குழந்தை மாதிரி மடியில் போட்டு விசிறிக்கொண்டிருக்கிறார், அதே கையால்! தாங்க முடியாமல் முனைக் கடைக்கு ஓடி ஒன்றே ஒன்று கேட்டேன். கடைக்காரர், "அண்ணி வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்று கையில் ஒரு மிட்டாயை வைத்தார்.

ஆகவே அக்கா, காலில் விழுந்து கேட்கிறேன். அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஒரு சிகரெட், கடைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. மனமிரங்கிப் பதில் போடு.

இப்படிக்கு,
மூக்கு திறந்து முழிக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகுதான் ஸ்டாம்பு ஒட்டாதது ஞாபகம் வந்தது. அதற்குள் தபால் வண்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஓடினேன் அக்கா! கழுத்தில் அளவுநாடா பறக்க, கடைத்தெரு முழுக்க ஓடி, சிக்னலில் பிடித்துக் கதவைத் தட்டினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கீங்க, கொஞ்சங்கூட மூச்சு வாங்கலையே சார்!" என்றார். அப்போதுதான் கவனித்தேன். வாங்கவில்லை! மாடிப்படியில் பாதியில் உட்காருகிற நானா இது? வண்டியை ஓரங்கட்டவைத்து, கடிதத்தைக் கெஞ்சி வாங்கி, வண்டியின் பக்கவாட்டில் வைத்தே இதை எழுதுகிறேன். மேலே உள்ளதெல்லாம் ரத்து. சத்தியம் உன்னிடமே இருக்கட்டும். நானே வந்து அழுதாலும் கொடுக்காதே. "எழுதியாச்சா? குடுங்க" என்கிறார் டிரைவர். "நீங்க கிளம்புங்க, அடுத்த சிக்னல்ல வந்து குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.