மூன்று வலது சேர்ந்தால் ஓர் இடது

கரும்பலகையில் நான் வரைந்த ஸ்டியரிங் பாக்ஸ் ஒன்றுகூட இதுவரை ஒழுகியதில்லை. ஆத்தூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் பாடம் நடத்துகிறேன். வருஷா வருஷம் அந்தப் படத்தை வரைவேன். வீலுக்கு மஞ்சள் சாக்பீஸ், உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்கு வெள்ளை, அம்புக்குறிக்குச் சிவப்பு. அவ்வளவு அழகாக வந்துவிடுவதால் அழிக்க மனசே வராது. இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக இல்லை, ஒரு உண்மையை ஒப்புக்கொள்வதற்காக. நாலு வருஷம் முன்பு வரை நிஜமான ஸ்டியரிங் பாக்ஸ் ஒன்றை நான் தொட்டதே கிடையாது. (அதைத் தொட வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.)

என் மனைவி கவிதாவுக்குச் சங்ககிரிப் பக்கம் ஒரு ஊர். எங்களுடையது காதல் கல்யாணம். ஊர் வேறு, பேச்சு வேறு, இன்னும் சிலதும் வேறு. அதனால் இரண்டு வருஷம் அந்த வீட்டு வாசலை நாங்கள் மிதிக்கவில்லை. அப்புறம் என் மாமனாரின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. கவிதாவும் மாப்பிள்ளையும் வராமல் இந்தக் கல்யாணம் நடக்காது என்று அந்தத் தங்கை ஒரே பிடியாக நின்றதால், மாமா போன் செய்து எங்களை அழைத்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய் இறங்கினோம்.

அது லாரிக் குடும்பம். மாமா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மச்சினன் சரவணன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான். அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படியில் இருந்தபடியே, மெயின் ரோட்டில் போகிற லாரிக்கு கியர் சரியாக விழவில்லை என்று சொல்வார். அந்தத் தெருவிலேயே ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத ஒரே ஆள் நான்தான். அந்தத் தெருவிலேயே மெக்கானிக்கல் பட்டம் வாங்கிய ஒரே ஆளும் நான்தான்.

போய் இறங்கியதிலிருந்து ஒரே மரியாதை. உட்கார்ந்தால் ஃபேன் என் பக்கம் திரும்பும். எழுந்தால் வீடே எழுந்து நிற்கும். மாமா வேளைக்கொரு தடவை வந்து, "எல்லாம் சவுரியமுங்களா மாப்ளே?" என்று கேட்பார். சவுரியம் என்பேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அதோடு அந்த வேளைப் பேச்சு முடிந்தது. தணிக்கைக்கு வந்த அதிகாரியை நடத்துவது போல என்னை நடத்தினார்கள். எனக்கோ அந்த வீட்டில் ஒருத்தனாக வேண்டும் என்று தவிப்பு. கவிதா ராத்திரி என்னிடம், "எங்கப்பா உங்ககிட்ட ஒரு வார்த்த சேத்திப் பேசிட்டாப் போதும்ங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபின் நான் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் எல்லா விபத்துகளும் இந்த இடத்தில்தான் தொடங்கும்.

வாசலில் ஒரு பழைய பிக்கப் நின்றது. மாமா சொந்தமாக வாங்கிய முதல் வண்டி. பவர் ஸ்டியரிங் எல்லாம் கிடையாது, திருப்புவதற்குத் தோளில் பலம் வேண்டும். வண்டிக்கு மாமாவின் வயதில் பாதி இருக்கும். அந்த வீட்டில் யாருக்குச் சீர் கொண்டுபோனாலும் அதில்தான் போகும். இந்தக் கல்யாணத்திலும் தாய்மாமன் சீர் அதில்தான் ஏறப்போகிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து கியர் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது. அத்தை அதற்குக் கீழே ஒரு தகரத் தட்டை வைத்திருந்தார்.

ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் சீல் போயிருக்கிறது, நானே மாற்றிவிடுகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன்.

"இருவது வருசமா ஒழுகுதுங்க மாப்ளே," என்றார் மாமா. "ஒழுகற வரைக்கும் உள்ள ஆயில் இருக்குதுன்னு நிம்மதியா இருக்கலாமுங்க. உங்களுக்கெதுக்குச் சிரமம்?"

சிரமம் எதுக்கு என்று மூன்று தடவை கேட்டார். எங்கள் ஆத்தூர்ப் பக்கம் அப்படிக் கேட்டால் இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள் என்று பொருள். சங்ககிரியில் அதற்கு, தயவுசெய்து வண்டியைத் தொடாதீர்கள் என்று பொருள். (இதைக் கவிதா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம்.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். தெருவில் செய்தி பரவி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் டிரைவர்களும் மெக்கானிக்குகளும். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பேனரை நான் தலைகீழாகப் பிடித்தபோது ஒருவர் இருமினார், அவ்வளவுதான். வீட்டு மாப்பிள்ளை வேலை செய்யும்போது குறுக்கே பேசுவது அந்த ஊரில் பெரிய குற்றம்.

ஸ்டியரிங் பாக்ஸுக்குக் கீழே டிராப் ஆர்ம் என்று ஒரு இரும்புக் கை தொங்கும். நாம் மேலே வீலைத் திருப்பினால் அந்தக் கைதான் கீழே சக்கரங்களைத் தள்ளும். அதைக் கழற்றினால்தான் சீலை எடுக்க முடியும். அந்தக் கை ஒரு தண்டின் பற்களில் பிடித்து உட்கார்ந்திருக்கும். எந்தப் பல்லில் இருந்ததோ அதே பல்லில் திரும்ப மாட்ட வேண்டும். ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டினால் தண்டனை வண்டிக்கு இல்லை, ஓட்டுகிறவனுக்கு. அதனால் கழற்றுவதற்கு முன் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும். தேர்வில் இரண்டு மார்க் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

சரவணன் மெல்ல வந்து குனிந்து, "மச்சான், உளி வேணுங்களா? சும்மா ஒரு கோடு போட்டுக்கறதுக்கு," என்றான்.

வேண்டாம் என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தேன். (பன்னிரண்டு வருஷ வாத்தியார். சட்டையைத் துவைக்கும்போது கவிதா முதலில் பையைத்தான் உதறுவாள்.) தண்டிலும் கையிலும் சேர்த்து அழகாக ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். அம்புக்குறிகூட வரைந்தேன். நாற்காலிகளிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. வியப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்தது எனக்கே உரிய முறை. கையைக் கழற்றினேன், பழைய சீலை நெம்பி எடுத்தேன், கடையில் வாங்கி வந்த புதுச் சீலைத் தட்டி உட்கார வைத்தேன். எல்லாம் கச்சிதம். இருபது வருஷ அழுக்கு படிந்திருந்ததால், சுத்தமாக மாட்டித் தரலாமே என்று எல்லா பாகங்களையும் டீசலில் முக்கிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். இரும்பு பளபளவென்று வந்தது. என் கோடும் போயே போய்விட்டது.

டீசல் டப்பாவைப் பார்த்தேன். நாற்காலிகளைப் பார்த்தேன். அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஸ்டியரிங் வீல் நேராக இருப்பது போலத் தெரிந்தது, கையும் நேராக இருப்பது போலத் தெரிந்தது. குத்துமதிப்பாக மாட்டி நட்டை முறுக்கிவிட்டேன்.

சாயந்தரம் வரை ஒரு சொட்டு விழவில்லை. அத்தை தட்டை எடுத்துத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். மாமா குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க" என்றார். ஆத்தூருக்குப் போன் போட்டு என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மாட்டிய பிறகு ஓட்டிப் பார்த்தால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே.

மறுநாள் காலையில் சீர்த் தட்டுகள், அரிசி மூட்டை, வாழைத்தார், பட்டுச்சேலை எல்லாம் வண்டியில் ஏறின. முன்னால் மேளம், பின்னால் உறவுக்காரர்கள், நடுவே நடை வேகத்தில் பிக்கப். மாமாவே ஓட்டினார். பக்கத்தில் பட்டு வேட்டியோடு நான். முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன் சீர் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். பிந்திப் போனால் தங்கை வீட்டுச் சபையில் மாமா தலைநிமிர முடியாது. அதற்குக் காரணம் நான் என்றால் இன்னும் இரண்டு வருஷம் என்ன, இருபது வருஷம் அந்த வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

வண்டி நேராகப் போகும்போதே ஸ்டியரிங் வீல் கோணலாக இருந்தது. மாமா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு இருவரும் ரோட்டைப் பார்த்தோம்.

பிள்ளையார் கோயில் முக்கில் மண்டபத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். மாமா வீலை இடது பக்கம் இழுத்தார். கொஞ்சம் சுற்றியது, டக்கென்று நின்றது. வண்டி மண்டபத்தைப் பார்க்காமல் கரண்டுக் கம்பத்தைப் பார்த்தது. பின்னால் எடுத்து மறுபடி முயன்றார். மறுபடி கம்பம். மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே வாசித்தார்கள். சாக்பீஸ் கோடு அழிந்துவிட்டது, குத்துமதிப்பாக மாட்டினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"கழுவுனதப் பாத்தனுங்க," என்றார் மாமா. "படிச்சவரு, வேற கணக்கு ஏதோ மனசுல வெச்சிருப்பாருன்னு இருந்துட்டனுங்க."

வேற கணக்கு எதுவும் இல்லை என்பதைச் சொல்வதற்குத்தான் எனக்கு அதிகத் தைரியம் தேவைப்பட்டது. மாமா வலது பக்கம் வீலைச் சுற்றிப் பார்த்தார். தாராளமாகச் சுற்றியது. பல் தள்ளி மாட்டிய கை, இடது பக்கத்தில் பிடுங்கியதை வலது பக்கத்துக்குக் கொடுத்திருந்தது.

அப்போதுதான் என் மண்டையில் கரும்பலகை விரிந்தது. அது நாலு ரோடு சந்திக்கும் முக்கு. திரும்பாமல் நேரே போய், மூன்று தடவை வலது பக்கம் திரும்பினால் இதே முக்குக்குத்தான் வந்து சேர்வோம், வண்டி மண்டபத்தைப் பார்த்து நிற்கும். மாமாவிடம் சொன்னேன். என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார். நான் குதித்து இறங்கி, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழி காட்ட மேளக்காரர்களுக்கு முன்னால் ஓடினேன்.

வலது. வலது. இன்னொரு வலது. சீரே வராத தெருக்களில் சீர் போனது. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். தாய்மாமன் ஊரையே சுற்றிச் சீர் கொண்டுபோகிறார் என்று யாரோ சொல்ல, பெண்கள் கும்பலாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மேளக்காரர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முக்கைத் தாண்டி மண்டபத்துக்கு வந்து சேரும்போது ஊர்வலம் இரண்டு மடங்காகியிருந்தது.

மண்டபத்தின் கேட் இடது பக்கம் இருந்தது.

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம். கேட் குறுகல், சுற்றி வர வேறு வழியும் கிடையாது. மாமா வண்டியை நிறுத்தி இறங்கினார். கல்யாண வீட்டார் எல்லோரும் பந்தலில் நின்று பார்க்க, இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது.

"ஏன்டா, சாக்பீசுல குறி போட்டு அதையே டீசல்ல கழுவுனா என்னடா மிஞ்சும்? இதத்தான் காலேசுல பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறயா? பாத்துட்டு நிக்கறான் பாரு. படு கீழ."

அத்தை பதறிப்போய், "ஏனுங்க, அது மாப்பிள்ளைங்க," என்றார்.

"மாப்பிள்ளையா இருந்தா? கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டத் தெரியோணுமல்ல?"

பட்டு வேட்டியோடு ரோட்டில் படுத்தேன். சரவணன் ஸ்பேனரும் சுத்தியலும் கொடுத்தான். நேற்று மாட்டிய கை இரண்டே அடியில் கழன்றது. சக்கரங்கள் நேராக நின்றன. இனி ஸ்டியரிங்குக்கு நடு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் அதுதான் நடு என்று அடியிலிருந்து கத்தினேன். மாமா உள்ளே ஏறி வீலைச் சுற்றினார். சுற்றுக்கு ஒரு வசவும் விழுந்தது. வசவுகளைக் கழித்துவிட்டுச் சுற்றுகளை மட்டும் எண்ணினேன். ஆனால் எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் இரண்டு நாளாக யாரும் என்னை ஒரு சொல் திட்டவில்லை. சரவணனைத் திட்டுவார்கள், கவிதாவைத் திட்டுவார்கள், மாடு கன்றைக்கூடத் திட்டுவார்கள். இப்போது என் முறை வந்திருந்தது. கிரீஸ் நெற்றியில் அப்பியிருக்க, அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் படுத்திருந்ததில்லை.

நட்டை முறுக்கி வெளியே வந்தேன். வண்டி இடது பக்கம் வளைந்து கேட்டுக்குள் நுழைந்தது. முகூர்த்தத்துக்கு நாலைந்து நிமிஷம் பாக்கி இருந்தது. மாமாவின் தங்கை ஓடிவந்து, ஊரைச் சுற்றிச் சீர் கொண்டுவந்த அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று அழுதார். மாமா அந்தப் பெருமையை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். கவிதா என் வேட்டியைப் பார்த்துவிட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது அந்த ஊரில் எந்தச் சீரும் பிள்ளையார் கோயில் முக்கில் இடது பக்கம் திரும்புவதில்லை. நேராகப் போய், மூன்று வலது திரும்பித்தான் மண்டபத்துக்கு வரும். வெறும் காரில் வருகிறவர்கள்கூட அப்படித்தான் வருகிறார்கள். காலங்காலமாக உள்ள வழக்கம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாராவது இதைச் சொன்னால் அத்தை உட்பட அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன மாதம் அங்கே போயிருந்தபோது, குமாரபாளையத்திலிருந்து சீர் கொண்டுவந்திருந்த ஒரு தாய்மாமன், எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இந்த ஊரில் சீர் சுற்றுகிற வழி எது என்று மாமாவிடம் கேட்டார். மாமா டீ டம்ளரை வைத்துவிட்டு, எழுந்திருக்காமலே என் பக்கம் கையைக் காட்டினார்.

"அவனக் கேளுங்க. எங்க ஊட்டுப் பையன்தான் அந்த வழியப் போட்டது."