எவர்சில்வர் கிண்ணத்தின் செக்ரட்டரி

கால்பந்துக்காகப் பட்டினி கிடந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் நடக்கவே நடக்காத ஒரு போட்டியில் தன் கட்சி தோற்றுவிட்டது என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர், கல்கத்தாவில் எங்கள் மெஸ்ஸில் இருந்த செக்ரட்டரி ஒருவர்தான். மூன்று நாள் என்பது மெஸ்ஸில் சொல்லும் கணக்கு. என் நாட்குறிப்பின்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் மாலை நாலேகாலுக்கு உப்புமா சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டும் வாங்கினார்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இருந்தது மெஸ். எட்டு அறைகள், எட்டும் தனி ஆள்கள். வருஷம் முழுக்கக் குளியலறைக்கு வரிசை நிற்கும். துர்க்கா பூஜை வந்ததும் எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெற்கே ரயிலேறிவிடுவார்கள். நான் மாற்றலாகி வந்த முதல் வருஷம் மெஸ்ஸில் மிச்சமிருந்தவர்கள் மூன்று பேர்: நான், சமையல்காரர் வேலு, ஐந்தாம் நம்பர் அறைக்காரரான செக்ரட்டரி. வேலு கல்கத்தாவிலேயே பிறந்தவர், போக வேறு ஊர் இல்லை. எனக்குத் திருச்சியில் அக்கா வீடு உண்டு. வா என்று அக்கா சொல்வாள்; எந்த ரயிலில் வருகிறாய் என்று கேட்கமாட்டாள். செக்ரட்டரிக்கு வா என்று சொல்லவும் ஆள் இல்லை.

நவமி அன்று மாலை அவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். தோத்துட்டோம்."

"யாரு?"

"அலிப்பூர் மாலைக் கல்லூரி. மூணுக்கு ரெண்டு. கடைசி நிமிஷத்துல கோல் கீப்பரு பந்தை விட்டுட்டு வாயைப் பொளந்துட்டு நின்னுட்டான்."

சமையலறையிலிருந்து வேலு குரல் கொடுத்தார். "வருஷா வருஷம் தோக்கற டீம் சார் அது. தாதாவுக்கு வருஷா வருஷம் வயித்துக்கு ரெஸ்ட்." தாதா என்றால் அந்த ஊரில் அண்ணன்.

நான் ஒழுங்கானவன். எந்த மைதானம், எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று விசாரித்தேன். செக்ரட்டரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மறுநாள் டாலிகஞ்ச் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படி ஒரு மைதானம் இல்லை. அலிப்பூர் மாலைக் கல்லூரி இல்லை. அதை ஜெயித்த டாலிகஞ்ச் காலைக் கல்லூரியும் இல்லை. திரும்பி வந்து அதைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அதுக்கு எதுக்கு சார் வெயில்ல அலைஞ்சீங்க? என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிருப்பம்லா."

பிறகு அந்தப் போட்டியின் சரித்திரத்தைச் சொன்னார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று வயதில் வந்து, அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் அவர். முதல் வருஷம் பூஜை விடுமுறைக்கு முந்தின நாள், பக்கத்து மேஜை கோஷ்பாபு, "பூஜைக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்றால் அந்த ஊரில் விடமாட்டார்கள். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டி, வீட்டுக்கு இழுத்துப் போய் அத்தை, சித்தி, மச்சினர் எல்லாருக்கும் நடுவில் உட்கார வைத்துப் பரிதாபப்படுவார்கள். அதற்குப் பயந்து, "எனக்கு வேலை இருக்கு. காலேஜ் புட்பால் ஃபைனல். நான்தான் செக்ரட்டரி" என்று சொல்லிவிட்டார்.

"கோயில்ல வேலைன்னு சொல்லிருக்கலாம் சார். கும்பிட்டுட்டு விட்டிருப்பான். இந்த ஊர்ல வந்து புட்பால்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் முட்டாளாயிட்டேன்."

விடுமுறை முடிந்து போனதும் மொத்த செக்ஷனும் அவர் மேஜையைச் சுற்றி நின்றிருக்கிறது. யார் ஜெயித்தது? எத்தனை கோல்? யார் அடித்தது? இடது காலா, வலது காலா? கோப்பைக்கு என்ன பெயர்? அப்போது அவர் டிபன் காரியரைத் திறந்துகொண்டிருந்தார். கையில் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தைப் பார்த்து, "ஸ்டீல் பவுல்" என்றார். ஏதோ எஃகு ஆலை நடத்தும் போட்டி என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அடுத்த வருஷம் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே விசாரணை தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு நோட்டு வாங்கி இரண்டு கல்லூரிகளுக்கும் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். கல்லூரி என்றால் படிப்பு மூன்று வருஷம்தான். மூன்றாவது வருஷம் முடிந்ததும் ஆட்டக்காரன் தேறிப் போய்விடுவான். நன்றாக ஆடுகிறவனை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பரீட்சையில் ஃபெயிலாக்குவதைத் தவிர வழியில்லை. மாலைக் கல்லூரியின் சென்டர் ஃபார்வர்டு, உயரமாக ஒரு பையன், இப்படித் தொடர்ந்து ஐந்து வருஷம் ஃபெயிலானான்.

"தங்கமான பையன் சார். கணக்குல புலி. அவங்க அப்பா என்னை மன்னிக்கவே மாட்டாரு."

மழை வருஷம் ஒன்றில் கோல் கீப்பர் நீந்திப் போய்ப் பந்தைப் பிடித்தார். இன்னொரு வருஷம் இடைவேளைக்குப் பிறகு ரெஃப்ரீ பூஜைப் பந்தலில் கிச்சடி வாங்க வரிசையில் நின்றுவிட்டார். அவர் வரும்வரை நாற்பது நிமிஷம் ஒரு ஃபவுல்கூட இல்லை. காலைக் கல்லூரிக்காரர்கள் அடித்த ஒரு பந்து மைதானத்து ஓரப் பந்தலுக்குள் புகுந்து அம்மன் காலடியில் போய் நின்றதும் உண்டு. எடுக்க எந்த ஆட்டக்காரனுக்கும் மனம் வரவில்லை. இருபத்திரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். அது டிரா.

இந்தக் கடைசிக் கதையை அலுவலகத்தில் சொன்ன அன்றுதான் அது நடந்தது. கோஷ்பாபு நாற்காலியிலிருந்து எழுந்து, "ஆமாம், நானும் பார்த்தேனே. வடக்குப் பக்கம் நின்னுட்டிருந்தேன்" என்றார்.

"எனக்கு ஒரு நிமிஷம் பயமாயிட்டு சார். நெசமாவே நடந்திருக்குமோன்னு."

வங்காளி ஒருவர் எதை வேண்டுமானாலும் தெரியாது என்பார். பக்கத்தில் நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார். கோஷ்பாபு பார்த்ததும், மறுவாரம் கேஷியரும் பார்த்தார். ஹெட் கிளார்க் தம்பியோடு போய்ப் பார்த்தார். அப்புறம் செக்ரட்டரிக்கு வேலையே குறைந்துவிட்டது. அவர் பாதி சொன்னால் மீதியை அவர்கள் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை கோஷ்பாபு மட்டும் பதினெட்டு ஃபைனல்கள் பார்த்திருந்தார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. "உங்க கட்சி ஏன் ஒரு வருஷம்கூட ஜெயிக்கல? நீங்கதானே ஆட்டத்தையே வைக்கிறீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "நான் செக்ரட்டரி சார். என் டீமை நானே ஜெயிக்க வச்சா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

அடுத்த வருஷத்திலிருந்து, நான் அங்கிருந்தவரை, நவமி அன்று மூன்று மணிக்கு, காலியான சாப்பாட்டு அறையில், அந்த ஃபைனல் நடந்தது. அவர் வாயால் ஆடுவார். நானும் வேலுவும் பார்வையாளர்கள். வெளியே சந்து முழுக்கப் புதுத்துணியும் டாக் மேளச் சத்தமுமாக இருக்கும். யார் வீட்டுக் குழந்தையாவது படியேறி வந்து பார்த்துவிட்டு, மூன்று ஆண்கள் வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு இறங்கிப் போய்விடும்.

ஐந்தாவது வருஷம் பூஜைக்கு நாலு நாள் முன்பு கோஷ்பாபு தொலைபேசியில் கூப்பிட்டார். செக்ரட்டரி பேசிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஃபைனலுக்கு வாரானாம்."

அந்தக் கோடையில் கோஷ்பாபுவின் மனைவி இறந்திருந்தார். மகன் புனேயில். 'இத்தனை நாள் தூரத்துல நின்னு பார்த்தது போதும், இந்தத் தடவை உன் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்' என்றாராம்.

"உண்மையைச் சொல்லிடுங்க. சிரிச்சுட்டுப் போறார்" என்றேன்.

"என்னைப் பாத்துச் சிரிக்கட்டும், எனக்கென்ன! அவன் பதினெட்டு மேட்ச் பாத்தேன்னு சொல்லிருக்கான் சார். ஆபீஸ்ல, வீட்ல, பொண்டாட்டிகிட்ட, மகன்கிட்ட. ஒரு மேட்சுமே நடக்கலன்னா என் மூஞ்சில எப்படி முழிப்பான்? வெக்கப்பட்டுட்டு பொறவு போனே பண்ண மாட்டான். எனக்கு வார போன் அது ஒண்ணுதான்."

வேலு ஒரு யோசனை சொன்னார். "ஏதாவது ஒரு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க தாதா. எவனாவது ஆடிட்டிருப்பான். அதுதான் ஃபைனல்னு சொல்லுங்க."

"நவமி அன்னைக்கு எவன்டே ஆடுவான்? எல்லாப் பயலும் புதுச்சட்டை போட்டுப் பந்தல்லலா நிப்பான்."

மழை என்று சொல்லலாம் என்றால் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. காய்ச்சல் என்று படுத்துவிடலாம் என்றால், கோஷ்பாபு டாக்டரையே கூட்டிக்கொண்டு வருவார். எந்தப் பொய்யிலும் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. நவமி காலையில் பல் விளக்கிவிட்டு வந்தவர், சிறிது நேரம் கழித்து மறுபடியும் போய் விளக்கினார்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கோஷ்பாபு வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, பட்டு ஜிப்பா, கையில் குடை, மற்றக் கையில் மூன்றடுக்கு டிபன் காரியர். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அவர் பேசியது வங்காளத்தில். நான் குறித்துவைத்தது தமிழில்; ஐயா என்பதற்கு அவர்கள் சொல்லும் மொஷாய் மட்டும் அப்படியே.

"கிளம்பலாமா, மொஷாய்? லூச்சி கொண்டுவந்திருக்கேன். இடைவேளையில சாப்பிடலாம்."

செக்ரட்டரி நின்றார். சட்டைப் பொத்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடியும் போட ஆரம்பித்தார். கோஷ்பாபுவின் சிரிப்பு மெல்லக் குறைய ஆரம்பித்தது.

"ஆட்டம் முடிஞ்சுடுச்சு" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். "மைதானத்துல பாதிக்குப் பந்தல் போட்டுட்டாங்க. மத்தியானம் கூட்டம் வரும்னு காலையில எட்டு மணிக்கே வச்சு முடிச்சுட்டாங்க. உங்களுக்குச் சொல்ல நேரமில்ல."

கோஷ்பாபு குடையைக் கீழே வைத்தார். "ஸ்கோர்?"

நான் நாட்குறிப்பைத் திறந்தேன். அன்றைய பக்கத்தில், 'பால் வரவில்லை. பின்கட்டுக் குழாய் ஒழுகுகிறது' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். "மாலைக் கல்லூரி ஒன்று. காலைக் கல்லூரி பூஜ்யம்."

"இருக்காது!" என்று செக்ரட்டரி கத்திவிட்டார்.

கோஷ்பாபு திரும்பினார். "ஏன், நீ பார்க்கலையா?"

"கண்ணாடியை மறந்து வச்சுட்டுப் போயிட்டார்" என்றார் வேலு. "பாவம், சத்தத்தை வச்சுத்தான் பார்த்தார்."

"கோல் யார்?"

எனக்கு ஆட்டக்காரர் பெயர் ஒன்றுகூட நினைவில் இல்லை. கோஷ்பாபுவே என்னைக் காப்பாற்றினார். "அந்த உயரமான பையன் இல்லையே? ஃபெயிலாகிக்கிட்டே இருந்தானே?"

"அவன் தம்பி" என்றேன்.

"அப்படின்னா இடது கால்."

"இடது கால்தான்."

"எனக்குத் தெரியும்!" என்று மேஜையைத் தட்டினார். டிபன் காரியர் அடுக்குகளைப் பிரித்து இரண்டு பக்கமும் கோல் போஸ்டாக வைத்தார். லூச்சிகள், அதாவது மைதா பூரிகள், தட்டுக்கு வந்தன. தேங்காய் உருண்டைகள் ஆட்டக்காரர்கள் ஆயின. எண்பதாவது நிமிஷத்தில் பந்து எப்படி வந்திருக்கும் என்று அவர் எங்களுக்குக் காட்டினார். செக்ரட்டரி முதலில் ஒதுங்கி நின்றார். கோஷ்பாபு மாலைக் கல்லூரியின் பின்காவல் ஆட்டக்காரனை முன்னே நகர்த்தியதும் பொறுக்கவில்லை.

"அவன் அங்க எங்க வந்தான்? அவனுக்கு முட்டி வலி!"

"போன வருஷம்தான் வலி. இப்ப சரியாயிடுச்சு."

"நான் செக்ரட்டரியா, நீ செக்ரட்டரியா?"

"பதினெட்டு ஃபைனல் பார்த்தவன் நான். என்கிட்ட பேசாதே."

கோல் விழுந்தது. கோஷ்பாபு எழுந்து நின்று கைதட்டினார். செக்ரட்டரி முகம் கழுவப் போய், நிறைய நேரம் கழித்துத் திரும்பினார். அப்புறம் உட்கார்ந்து பதினொரு லூச்சி சாப்பிட்டார். ஆட்டக்காரர்களையும் சாப்பிட்டார்.

கோஷ்பாபுவுக்கு உண்மை தெரியுமா என்று என்னால் எழுத முடியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை. புறப்படும்போது அவர் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "அடுத்த வருஷமும் ஆட்டத்தைக் காலையிலேயே வச்சுடுங்க, மொஷாய்" என்றார். "நான் மூணு மணிக்கே வரேன்."

மெட்ரோவரை அவரைக் கொண்டுவிடப் போனோம். தெரு முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஜனம். பெரிய சாலையைக் கடக்கும்போது கோஷ்பாபு செக்ரட்டரியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் போன பிறகும் அவர் விடவில்லை. விடு என்று செக்ரட்டரியும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கண்பார்வை சரியில்லாதவர்கள். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று நான் இரண்டடி பின்னால், கண் எடுக்காமல் நடந்தேன்.