திட்டு விழுந்தாத்தான் பந்து பறக்கும்

இப்ப சொல்லப்போறதுல ஒரு சொல்லுகூட பொய் கிடையாது. இருந்துச்சுன்னா, நாளைக்கு நான் வண்டியில உக்காந்திருக்கும்போது கம்பி வலை பிஞ்சு, எவனாவது அடிக்கிற பந்து நேரா என் முன்பல்லுல வந்து விழட்டும்.

என்ன வண்டின்னு கேப்பீங்க. கோல்ஃப் மைதானத்துல பயிற்சி பண்றதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. ஆளுங்க வரிசையா நின்னு பந்த அடிச்சு விரட்டுவாங்க. அத்தனையும் பொறுக்குற வண்டிய ஓட்டுறது நான்தான். சுத்தி கம்பிக்கூண்டு. குறி பாக்க கொடி நட்டிருக்கு, பலகை வச்சிருக்கு. ஆனா அவங்க குறி பாக்குறது என் வண்டியத்தான். டமார்னு பட்டுச்சுன்னா கைதட்டல் வேற. வேலையில இப்படின்னா, வீட்டுக்குப் போனா அங்கயும் குறி நான்தான். அங்க கூண்டுகூட கிடையாது.

ஒரு நாள் முடிவு பண்ணேன். இனிமே நானும் அடிக்கிற பக்கம் போய் நிக்கணும்.

சும்மா இல்ல. கிளப் ஆண்டுவிழாவுல வேலைக்காரங்களுக்கு ஒரு போட்டி வச்சாங்க. பந்த யாரு ரொம்ப தூரம் அடிக்கிறாங்களோ, அவங்களுக்கு கடற்கரை ஹோட்டல்ல ஒரு வாரம். ரூமு, சாப்பாடு எல்லாம் ஓசி. கூட ஒரு துணையையும் கூட்டிட்டுப் போகலாம். துணைன்னா பொண்டாட்டிதான்னு எங்கயும் எழுதல பாருங்க! நான் போய் புல்லு வெட்டுற மிஷின் ஓட்டுற சிநேகிதன்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன்.

"நீயும் நானும்டா. ஒரு வாரம். அலைச் சத்தம் தவிர வேற சத்தமே காதுல விழாது."

வீட்டுல மூச்சு விடல. போட்டி இருக்குன்னு மட்டும் சொன்னேன், பரிசு என்னன்னு சொல்லல.

கோச் நல்ல மனுஷன். வேலை முடிஞ்சதும் கூப்பிட்டு சொல்லிக்குடுத்தாரு.

"கால தோள் அகலத்துக்கு வை. பந்து இடது குதிகாலுக்கு நேரா இருக்கணும். முட்டிய லேசா மடக்கு. மட்டைய பழுத்த தக்காளியப் பிடிக்கிற மாதிரி பிடி. தோளத் தளர்த்து."

"தளர்த்திட்டேன் சார்."

"தோளு காதுகிட்ட இருக்குய்யா."

"என் காது பொறப்புலயே கொஞ்சம் கீழ இறங்குனது சார்."

"யோவ், ரிலாக்ஸா இரு!"

இந்த ஒரு வார்த்தையக் கேட்டாலே எனக்கு உடம்பு மரக்கட்டை ஆயிடும். தூங்கு தூங்குன்னு உலுக்குனா எவனுக்குத் தூக்கம் வரும்? வீசுனேன். பந்து அப்படியே இருந்துச்சு. பந்து வச்சிருந்த குச்சி மட்டும் பறந்து போய் கோச் சட்டைப் பையில குத்திக்கிச்சு.

விடுவேனா? வீட்டுப் பின்னாடி கொடிக்கயித்துல பழைய பெட்ஷீட்டத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் பந்த வச்சு சாயங்காலம் சாயங்காலம் வீசிட்டிருந்தேன். என் வீட்டுக்காரி தையல்காரி. உள்ள மிஷின் கடகடன்னு ஓடும், வெளிய நான் காத்தக் கிழிப்பேன்.

ஒரு நாள் என் ஈரத்துண்ட எங்கயோ போட்டுட்டேன். மிஷின் சத்தம் நின்னுச்சு. எங்க போட்டேன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு.

"ஏங்க! கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா? கஸ்டமர் கோட்டுத் துணி, வெட்டி அடுக்கி வச்சிருக்கேன். அது மேல கொண்டாந்து ஈரத்துண்டா? துண்டு போட வேற இடமே இல்லையா இந்த வீட்டுல? என் தலையில போட்டுட்டுப் போங்களேன்!"

அவ பேசப் பேச என் உடம்பு தானா ஒரு நிலைக்குப் போச்சு. தலை குனிஞ்சுது. கண்ணு தரைய விட்டு நகரல. முட்டி லேசா மடங்குச்சு. தோள் ரெண்டும் தொங்கிப்போச்சு. மனசுல ஒண்ணும் இல்ல, சுத்தமா காலி. கையில மட்டை இருந்துச்சு. சும்மா வீசுனேன்.

விர்ர்ர்ர்!

பெட்ஷீட்டக் கிழிச்சுக்கிட்டு பந்து அடுத்த வீட்டு மாடியத் தாண்டிப் போச்சு.

அசந்துட்டேன். கோச் சொன்ன நிலை இதுதானே! கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் தினமும் இதைத்தான் பழகிட்டிருக்கேன்!

அதுக்கப்புறம் என்ன, தினம் ஒரு குத்தம் பண்ணுவேன். குழாயத் திறந்து விடுவேன். நூல்கண்ட சிக்காக்கி வைப்பேன். அவ பின்வாசல்ல நின்னு ஆரம்பிப்பா, நான் வீசுவேன். ரெண்டு பேருக்கும் நல்ல பயிற்சி.

போட்டி அன்னிக்கு அவ மைதானத்துக்கே வந்து திட்டணும். அதுக்கு சின்னக் குத்தம் பத்தாது. காலையில அவளோட தையல் கத்திரிக்கோல எடுத்தேன். அவ பெத்த பிள்ளை மாதிரி பாக்குற கத்திரி அது. அதை வச்சு இரும்புக் கம்பிய வெட்டுனேன். வெட்டுன கம்பியையும் கத்திரியையும் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு ஓடிவந்துட்டேன்.

வந்தா! கையில பை. நடந்து வந்த வேகத்துல புல்லு ரெண்டு பக்கமும் சாஞ்சுது. நான் குஷியா காலு அகட்டி, முட்டி மடக்கி, தலை குனிஞ்சு காத்திருந்தேன். கிட்ட வந்து நின்னா.

"ஏங்க."

குரல்ல தேன். வேற யாரையாவது கூப்பிடுறாளான்னு திரும்பிப் பாத்தேன்.

"பதறாம ஆடுங்க. உங்களால முடியும். நான் உங்கள நம்புறேன்."

அவ்ளோதான். போச்சு.

அதை நான் அப்புறம் ரொம்ப யோசிச்சுப் பாத்தேன். திட்டும்போது நம்மகிட்ட இழக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது, அதான் உடம்பு லேசாயிடுது. ஒருத்தர் நம்புறேன்னு சொல்லிட்டா, கையில ஏதோ ஒண்ணு வந்துடுது. கீழ விட்டுருவோமோன்னு பயம் பிடிச்சுக்குது. தோள் ரெண்டும் ஏறி காத மூடுச்சு. வீசுனேன். பந்து குச்சியிலேருந்து இறங்கி, மெதுவா உருண்டு போய் அவ செருப்புகிட்ட நின்னுச்சு.

அடுத்து என் மச்சினன். அவளுக்கு ஒரே தம்பி. கிளப்புல பேட்டரி வண்டிக்கு சார்ஜ் போடுறவன், நின்னுக்கிட்டே தூங்குற ஆளு. அவன் பேர யாரு குடுத்தான்னு நான் யோசிக்கிறதுக்குள்ள, இவ பையிலேருந்து கத்திரிய எடுத்தா.

"டேய்! இதைப் பாருடா! கம்பி வெட்டியிருக்கு! வாய் மழுங்கிப் போச்சு! இப்படி ஒரு காரியத்தப் பண்றவனுக்கு சோறு ஒரு கேடா? நிக்கிறத பாரு, நிக்கிறத!"

"அக்கா, நான் பண்ணலக்கா…"

"வாய மூடு! குனிடா!"

சின்னப் பிள்ளையிலேருந்து அவகிட்ட வளந்தவன். அவன் தோளு தொங்குச்சு, முட்டி மடங்குச்சு, கண்ணு தரையில ஒட்டிக்கிச்சு. நான் பொறுக்க மாட்டாம கத்திட்டேன்.

"ஏம்மா, அது எனக்கு வர வேண்டிய திட்டு!"

விர்ர்ர்ர். தூரத்துல நிறுத்தியிருந்த என் வண்டியையும் தாண்டிப் போய் விழுந்துச்சு பந்து.

கூட்டம் கலைஞ்சதும் கேட்டேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் திட்டும்போது மட்டும் பெட்ஷீட் கிழியுது. தைக்கிறவளுக்குத் தெரியாதா எப்ப கிழிஞ்சுதுன்னு? உங்க சிநேகிதன் பூப்போட்ட சட்டை தைக்க என்கிட்டதான் அளவு குடுத்தாரு. எதுக்கு அண்ணேன்னு கேட்டேன். கடலுக்குன்னாரு. யாரு கூடன்னு கேட்டேன்."

நான் பந்தப் பாத்தேன்.

"அதான் தம்பி பேரையும் போட்டிக்குக் குடுத்துட்டு, ஒரு வாரமா உங்களத் திட்டி முடிச்சதும் அவன் வீட்டுக்குப் போய் அவனையும் திட்டிட்டு வந்தேன்."

மெதுவா கேட்டேன். "நம்புறேன்னு சொன்னியே… அதுவும் நடிப்பா?"

சிரிச்சா. "அது நிஜங்க. நிஜமா இல்லேன்னா உங்க தோளு காது வரைக்கும் ஏறியிருக்குமா?"

தம்பியும் அக்காவும் கடலுக்குப் போயிட்டாங்க. இங்க வீடு அமைதி. நான் ஆசைப்பட்ட அதே அமைதி. தையல் மிஷின் மூடிக் கிடக்கு. ஈரத்துண்ட எங்க வேணும்னாலும் போடலாம், போட்டா கேக்க ஆள் இல்ல. மட்டைய எடுத்தா தோள் இறங்க மாட்டேங்குது. தாங்க முடியாம போன் போட்டேன்.

"ஏம்மா, ஒரு நாலு வார்த்தை திட்டேன். போன காதுல வச்சுக்கிட்டே வீசிக்கிறேன்."

அலைச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவ.

"வர மாட்டேங்குதுங்க. இங்க ரொம்ப ரிலாக்ஸா இருக்கேன்."

இவ்ளோ நேரம் ஓசியில கேட்டீங்கல்ல? கூலிய வச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். காசெல்லாம் வேணாம். ஆளுக்கு ஒரு திட்டு. நல்லா, அடிவயித்துலேருந்து. முன்வரிசையில இருக்கிற அக்கா, நீங்க ஆரம்பிங்க. இதோ, குனிஞ்சு நிக்கிறேன்.