புழு காட்டினால்தான் மருந்து

தன் சரக்கை யாருக்கும் விற்காமல் இருப்பதற்காகவே கடை திறந்து வைத்திருந்த வியாபாரி இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கடை திருவண்ணாமலையில் போளூர் ரோட்டில் இருந்தது. அந்தக் கடைக்கு மேல்மாடியில் நான் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகவில்லை, ஊரும் புதிது. கீழே பூச்சிமருந்துக் கடை என்பதால் மாடிக்கு வாடகை கம்மி. மருந்து நெடி படியேறி அறைக்கே வந்துவிடும். அங்கே இருந்தவரை என்னை ஒரு கொசு கடித்ததில்லை.

கடைப் பலகையில் ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அது புழுக்கடை, அவர் புழுக்கடை நைனா. அறுபதை நெருங்கிய ஒல்லியான ஆள். சொந்தம் என்று யாரும் அவரைத் தேடி வந்து நான் பார்த்ததில்லை. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. ஒருநாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவித் தரும்வரை என்னைக் காக்க வைத்தார். இன்னொரு தட்டு வேண்டியிருக்கும் என்று அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவருடைய வியாபாரம் இப்படி நடக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட ஒருவர் வருவார்.

"மல்லாட்டையில புழு வுழுந்துடுச்சி நைனா. ஒரு டப்பா மருந்து குடுங்க."

"புழு எங்க?"

"வயல்ல."

"கொண்டாந்து காட்டு."

"நைனா, நான் கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வரேன்!"

"அதான் பஸ்ஸு வுட்டிருக்கானே. போய்ட்டு வா."

அவ்வளவுதான். கடவுளே வந்து கேட்டாலும் புழு இல்லாமல் மருந்து கிடையாது. இதனால் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் தீப்பெட்டியோடு வருகிறவர்கள் ஜாஸ்தியானார்கள். பீடிக்கு நெருப்புக் கேட்டு ஒருவர் பக்கத்து ஆளின் தீப்பெட்டியை வாங்கித் திறக்க, கம்பளிப் புழு ஒன்று கண்டக்டரின் காலருக்குள் போய்விட்டது. அந்தக் கண்டக்டர் பிறகு தீப்பெட்டி வைத்திருக்கிறவர்களிடமெல்லாம், "உள்ள எத்தினி பேரு? டிக்கெட் வாங்கு" என்று ஆரம்பித்துவிட்டார்.

புழு வந்து சேர்ந்தாலும் வேலை முடியாது. நைனா பூதக்கண்ணாடியை எடுத்து அதை வெகுநேரம் பார்ப்பார். பிறகு புழுவை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பார்.

"வூட்ல யாரு யாரு?"

"நான், சம்சாரம், ரெண்டு பசங்க, மாமியா."

"மாமியா எப்டி? சண்ட கிண்ட உண்டா?"

"புழுவுக்கும் எங்க மாமியாவுக்கும் இன்னா நைனா சம்மந்தம்?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு. காலைல சாப்ட்டியா?"

எல்லாவற்றுக்கும் திருப்தியான பதில் வந்த பிறகே மருந்து அலமாரி திறக்கும். மூக்கில் துணி கட்டு, காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதே, கிணற்றடியில் கை கழுவாதே, காலி டப்பாவை ஆணியால் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொண்டா என்று ஒரு பிரசங்கம் நடக்கும். இதைக் கேட்டு முடிப்பதற்குள் வயலில் புழு பட்டாம்பூச்சியாகிப் பறந்துவிடும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

டப்பா விஷயத்தில் அவர் மகா முரடர். ஒரு பௌர்ணமிக்கு அடி அண்ணாமலைப் பக்கம் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மோர் இருந்த தகர டப்பாவுக்குப் புதுசாகப் பச்சைப் பெயின்ட் அடித்து, பொட்டு வைத்திருந்தது. நைனா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். அடுத்த நிமிஷம் காலால் ஒரே உதை. மோர் ரோட்டில் ஓடியது. புண்ணியத்தைக் கவிழ்த்த பாவி என்று ஜனங்கள் அவரைப் பிடித்து உலுக்கினார்கள். "டேய், அது மருந்து டப்பாடா!" என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கிழிந்த சட்டையோடு தன்னந்தனியாக நடந்து வந்து கடையில் உட்கார்ந்தார். யாரும் வந்து விசாரிக்கவில்லை. நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மருந்துக் கம்பெனியின் ஆள் மெட்ராஸிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தார். இவ்வளவு விற்றால் சிங்கப்பூருக்கு அழைத்துப் போவோம் என்று வழவழப்பான படம் ஒன்றைக் காட்டினார்.

"சிங்கப்பூர்ல எனக்கு யாரு இருக்காங்க?" என்றார் நைனா.

"யாரும் இருக்க வேணாம் சார். சுத்திப் பாக்கலாம்."

"யாரும் இல்லாத ஊர் எனக்கு இங்கியே இருக்குதே."

கம்பெனி ஆள் சளைக்காமல் எதிர்ச்சாரிக்குப் போனார். கொஞ்ச நாளில் அங்கே டியூப் லைட்டும் ரேடியோவுமாக ஒரு புது மருந்துக் கடை வந்தது. கேட்டதும் கொடுக்கும் கடை. கடைக்காரன் சேகர் சின்ன வயசு, சிரித்த முகம். நைனாவின் கடைக்கு ஆள் வருவது நின்றது. அவர் வழக்கம்போலக் காலையில் கடையைத் திறந்து, பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் வரை எதிர்க்கடைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்பதற்குக் கேள்வி நிறைய இருந்தது, ஆள்தான் இல்லை. ஆபீஸ் விட்டு வரும் என்னைப் பிடித்து, மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று விலாவாரியாக விசாரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். முப்பது வயசு இருக்கும். மருந்து கேட்டாள்.

"புழு எங்கம்மா?"

அவள் திரும்பி நேராக ரோட்டைத் தாண்டி சேகரிடம் போனாள். மஞ்சப்பையில் எதையோ வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

நைனா எழுந்துவிட்டார். "சார், வாங்க."

"எங்க?"

"வாங்கன்னா வாங்க." கடையைக்கூடச் சாத்தவில்லை.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தோம். இறங்கினாள், இறங்கினோம். அவள் திரும்பிப் பார்த்து, "இன்னாத்துக்கு பின்னாடியே வரீங்க நைனா?" என்றாள்.

"மருந்து வாங்கினா வயல பாக்கறது என் வழக்கம்."

"உங்க கடையில வாங்கலியே."

"எந்தக் கடையில வாங்கினா இன்னாம்மா. புழு ஒண்ணுதான?"

அவள் கொஞ்ச தூரம் நடந்தாள். ஓர் இடத்தில் நின்று, "இதான்" என்றாள். மல்லாட்டை பிடுங்கி முடித்த நிலம். ஒரு செடி கிடையாது. வெறும் சிவப்பு மண்.

நைனா குனிந்து மண்ணைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு டாக்டரைப்போல அவ்வளவு நிதானமாகப் பார்த்தார்.

"புழு இல்லியேம்மா."

"இல்ல நைனா."

"வேற இன்னா அரிக்குது?"

அவள் வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நைனாவும் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். நான் தள்ளிப்போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஓயாமல் கேள்வி கேட்கிற மனுஷர் அன்றைக்கு வாயே திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்தபோது அவளாகவே மஞ்சப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். ஊருக்குள் இருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போனோம். "இவள கொஞ்ச நாளைக்கு தனியா வுடாத" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, நைனா அங்கே ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், அவருக்குப் புழுக்களைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு புழுவும் தெரியாது சார். எது எந்தப் புழுனு சத்தியமா தெரியாது. புழு எடுக்கணும்னா வூட்டுக்குப் போவணும் இல்ல? போனா யாராச்சும் பாப்பாங்க, 'எங்க போன, சாப்ட்டியா'னு ஒரு வார்த்த கேப்பாங்க. தனக்கே குடிக்க வாங்க வரவன்ல பாதிப் பேரு அதோட தெளிஞ்சிடுவான்."

"அதுக்காக எல்லாரையுமா அலைய விடுறது?"

"நான் விக்கிறது வெல்லமா சார்? வெல்லம் விக்கிறவன் கேக்க வாணாம். நான் கேக்கணும்."

மறுநாள் அவள் பையிலிருந்த மருந்து பாட்டிலைக் கொண்டுபோய் சேகரின் மேஜை மேல் வைத்து நடந்ததைச் சொன்னார். சேகரின் சிரித்த முகம் வெளுத்துவிட்டது. "கேட்டாங்க, குடுத்தேன். நான் இன்னா நைனா பண்றது?" "நீயும் ஒரு வார்த்த கேளு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து சேகர், கண்டக்டர் டிக்கெட் கேட்கிற ராகத்தில், வருகிறவர்களிடமெல்லாம் "வூட்ல சௌக்கியமா, சாப்ட்டாச்சா?" என்று கேட்டான். ராகம் எப்படியிருந்தாலும் கேட்டான்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். சந்தைக்கு வரும்போதெல்லாம் கடையில் கொஞ்சநேரம் உட்கார்ந்து போவாள். ஒருமுறை அவித்த மல்லாட்டை கொண்டுவந்தாள். நைனா அதை முகர்ந்து பார்த்து, "மருந்து அடிச்சதா?" என்றார். "நீங்க குடுத்தாதான அடிக்கறதுக்கு!" என்றாள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வியாபாரம் மட்டும் திரும்பி வரவில்லை. கம்பெனி சரக்கு அனுப்புவதை நிறுத்தியது. அலமாரி காலியான பிறகும் அவர் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. நான் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் கார்த்திகை தீபம். ஊர் கொள்ளாத கூட்டம். நாங்கள் இரண்டு பேரும் மொட்டைமாடியில் நின்றோம். மலையுச்சியில் தீபம் எரிந்ததும் கீழே அத்தனை ஜனமும் அரோகரா என்று கத்தியது. நைனா கையெடுத்துக் கும்பிட்டார். சத்தம் அடங்கிய பிறகு சொன்னார்:

"அடுத்த வருசம் இந்த மாடிக்கு யாரு வராங்களோ. கொஞ்சம் பேசற ஆளா வந்தா தேவல. நீங்க சரியான ஊமை சார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் சட்டையின் தோளில் ஏதோ தூசியைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டு, கையை அங்கேயே வைத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் தீபத்தை டிவியில் பார்க்கிறோம். எல்லாரும் மலையைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் அந்த ஒரு நிமிஷம் தோள் கொஞ்சம் கனக்கும்.