பெயர் கேட்டால் நாற்பத்தேழு என்றவள்

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய அக்கா சொக்கம்மாளுக்குத் தம்பி பீம்ராவ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வண்டியும் நலம், மகள் மகிழினிதான் கொஞ்சம் உடைந்திருக்கிறாள். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் கடிதம்.

போன மாதம் செங்கல்பட்டுப் பக்கம் நடந்த டர்ட் பைக் ரேஸில் மண்மேட்டிலிருந்து எகிறிய உன் மருமகள், வண்டிக்கு முன்னாலேயே தரைக்கு வந்துவிட்டாள். காறை எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். தலையிலும் அடி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பெயர் கேட்டதற்கு "நாப்பத்தேழு" என்றாள். அது அவள் ரேஸ் நம்பர். என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "மெக்கானிக்கு" என்றாள். கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை பார்க்கிறவன் நான், அவள் வண்டியில் ஒரு நட்டுகூட முடுக்கியதில்லை. வராந்தாவில் போய் நின்று அழுதேன் அக்கா. சாயங்காலம் "நைனா" என்று கூப்பிட்டாள், அதற்கப்புறம்தான் எனக்கு டீ இறங்கியது.

வீட்டுக்கு வந்தும் அவள் அவளாக இல்லை. வலிக்கிறதா என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் தோளைக் காட்டி, அதற்கு வலிக்கிறது என்கிறாள். ஊட்டினால் சாப்பிடுவாள், இல்லாவிட்டால் இல்லை. பயந்துபோய், வண்டியை விற்றுவிடலாம், அத்தை பார்த்திருக்கிற காட்டுப்பள்ளி மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொல்லலாம் என்றேன். அவள் சத்தம் போடாமல் சொன்னாள்:

"வண்டி மேல ஒக்காந்துகினு கீறப்போதான் நைனா இந்த ஒடம்பு என்னுது. கீழ எறங்கிட்டா ஆளாளுக்கு அதுல பங்கு கீது. நீ எளச்சிட்டன்ற, அத்த கறுத்துட்டன்றா, பஸ்ஸுல எவனோ கை வைக்கிறான்."

அத்தை என்றது உன்னைத்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே. அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் பெற்றவன் இல்லையா, முடிவு பண்ணிவிட்டேன். வண்டியை விற்பது உறுதி. அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வா. தோளில் தகடு இருக்கிற விஷயத்தை நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். வீட்டில் எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும்.

உன் தம்பி,
பீம்ராவ்

பி.கு.: கவரை ஒட்டப்போனபோது மகிழினி ரேஸ் பூட்ஸை எடுத்துவந்து போட்டுவிடச் சொன்னாள். தோள் கட்டோடு குனிய முடியவில்லையாம். கீழே உட்கார்ந்து கொக்கிகளை மாட்டிவிட்டேன். எழுந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு, பசிக்கிறது, வஞ்சிரம் வேண்டும் என்றாள். அக்கா, யாரையும் அழைத்து வராதே. வண்டியை விற்கவில்லை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல் அனுப்புகிறேன். காசிமேட்டில் மீன் தீர்வதற்குள் போகவேண்டும்.