கமலா அன்ரியின் நிறையும் என் காரின் ஸ்பிரிங்கும்

கணக்குத் தெரியாத பிடிவாதக்காரனால் யாருக்கும் பெரிய கெடுதி இல்லை. அவன் விடும் பிழை அடுத்த நிமிடமே பிடிபட்டுவிடும். அரைவாசிக் கணக்குத் தெரிந்த பிடிவாதக்காரன்தான் ஆபத்தானவன். யார் என்ன சொன்னாலும் கையிலிருக்கும் தாளைக் காட்டுவான். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் அப்படி ஒருவன் இருந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஸ்காபரோவில் அக்கா, அத்தானோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தேன். நான் ஆசைப்பட்டு வாங்கிய கார், எட்டுச் சிலிண்டர் எஞ்சின் பூட்டிய பழைய அமெரிக்கக் கார். இரண்டே கதவு, நீளமான முன்பக்கம், கறுப்பு நிறம். (அக்கா அதைப் பிரேதக் கார் என்றுதான் சொல்வாள். நான் இல்லாத நேரத்தில் அல்ல, நான் பக்கத்தில் நிற்கும்போது.)

அக்காவின் வயிற்றில் இரண்டாவது பிள்ளை. வீட்டுக்கு எல்லோரும் ஏறக்கூடிய வான் வண்டி ஒன்று தேவைப்பட்டது. கட்டடத்தில் எங்களுக்குக் கிடைத்ததோ இரண்டு கார்களை நிறுத்தும் இடம் மட்டும். ஒன்றில் அத்தானின் சின்னக் கார், மற்றதில் என்னுடையது. எது போகவேண்டும் என்பதில் அத்தானுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"உந்தக் காரால என்ன பிரயோசனம்?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

நான் ஓட்டோகுரொஸ் பற்றி விளக்கினேன். பெரிய வெற்றுக் கார் தரிப்பிடம் ஒன்றில் செம்மஞ்சள் கோன்களை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக அவற்றுக்கிடையே வளைந்து ஓடவேண்டும். யார் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறாரோ அவர் முதல்.

"கோனுக்கை வளைஞ்சு ஓடுறதோ? உது நான் லைசென்ஸ் எடுக்கேக்க ஓடினது," என்றார் அத்தான்.

"அதை வேகமா ஓடவேணும் அத்தான்."

"சரி. ஒருக்கா ஓடிக் காட்டு. கடைசியா வந்தியெண்டால் காரை வித்துப்போட்டு வான் எடுக்கிறம். வராட்டி உன்ர கார் நிக்கட்டும். நான் இனி வாய் திறக்கமாட்டன்."

கையடித்துச் சம்மதித்தேன். அன்றிலிருந்து கடைசியாக வரக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு இலட்சியம் இருக்கவில்லை.

நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்று, எல்லாம் ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது என்றது. ஒரு ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க எத்தனை இறாத்தல் வேண்டும் என்பதுதான் அதன் கடினம். முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு கடினம் வேண்டும் என்பதைக் காரின் நிறையை வைத்துக் கணக்கிடலாம். பின்னுக்கு அளவுக்கு மிஞ்சினால் வளைவில் காரின் வால் வழுக்கும் என்றும் அதே புத்தகம் சொல்லியிருந்தது. (அந்தப் பக்கத்தையும் படித்தேன். வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.)

காரை நிறுப்பதற்கு, பழைய இரும்பு வாங்கும் முற்றம் ஒன்றில் லொறி நிறுக்கும் மேடை இருந்தது. எனக்கு வேலையில்லாத நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் என்னையும் என் காரையும் கமலா அன்ரி எடுத்துக்கொள்வார். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருந்தவர் அவர். பிறந்தநாள், பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் செய்யும் சாமத்திய வீடு, எதுவென்றாலும் மண்டபங்களில் அவர்தான் சமையல். அவரையும் அவருடைய பெரிய சமையல் பாத்திரங்களான கிடாரங்களையும் ஏற்றி இறக்குவது என் பொறுப்பு.

அந்தச் சனிக்கிழமை ஒரு சாமத்திய வீடு. டிக்கிக்குள் அரிசிச் சாக்கு இரண்டு, காஸ் சிலிண்டர், தேங்காய், அடுப்பு, மூடமுடியாமல் கயிற்றால் கட்டிய பெரிய கிடாரம். பின் இருக்கையில் அன்ரி, அவர் மடியில் பலகாரப் பெட்டி. முன்னுக்கு இருந்தால் தலை சுற்றும் என்று அவர் எப்போதும் பின்னுக்குத்தான் இருப்பார். போகும் வழியில் நிறுத்துப்போட்டுப் போவோம் என்று முற்றத்துக்குள் திருப்பினேன்.

"அன்ரி, ஒரு ரெண்டு நிமிசம் இறங்கி நிப்பியளோ?"

"வெளியில குளிர் தம்பி. சேறும் கிடக்கு. நான் என்ன பெரிய பாரமே?"

இந்தக் கேள்விக்கு ஓம் என்று பதில் சொல்லும் துணிவுள்ள யாழ்ப்பாணத்துப் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

"சாமானையாவது இறக்கட்டே?"

"மங்கள காரியத்துக்குச் சமைக்கிற சாமான். உந்தப் பழைய இரும்புக்கை வைக்கிறதே? என்னையும் சேர்த்து எல்லாமா ஒரு நூற்றைம்பது இறாத்தல் வரும். நீர் அதைக் கழிச்சுக்கொள்ளும்."

பெரியவர் சொன்ன கணக்கைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை. அதிலும் ஓர் அன்ரியின் நிறையை. (அரிசி மட்டுமே எண்பது இறாத்தல் என்று சாக்கிலேயே எழுதியிருந்தது. அதையும் நான்தான் தூக்கி ஏற்றினேன்.) முன் சில்லுகளை மேடையில் ஏற்றி ஒருமுறை, பின் சில்லுகளை ஏற்றி ஒருமுறை நிறுத்தேன். பின்பக்க நிறையில் நூற்றைம்பதைக் கவனமாகக் கழித்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் ஏறத்தாழச் சமன், நல்ல றேஸ் கார்களுக்கு இருப்பது போல. இப்படி ஒரு கார் என் கைக்கு வந்திருக்கிறதே என்று உடம்பு புல்லரித்தது.

அந்த நிறைக்கு வேண்டிய ஸ்பிரிங்கைக் கணக்கிட்டு எழுதிய தாளைப் பார்த்து, கராஜில் வேலை செய்த என் நண்பன் சிவா தலையைச் சொறிந்தான்.

"மச்சான், முன்னுக்கு எட்டுச் சிலிண்டர் எஞ்சின் கிடக்கு. பின்னுக்கு என்ன கிடக்கு? ஸ்பெயார் சில்லும் காத்தும். எப்பிடிச் சமன் வரும்?"

"நிறுத்துப் பாத்தனான்."

"இன்னொருக்கா நிறு."

"கணக்குப் பிழைக்காது சிவா. நீ ஸ்பிரிங்கைப் பூட்டு."

பூட்டினான். பின் ஸ்பிரிங் இரண்டும் லொறிக்குப் பூட்டுவது போலத் தடித்திருந்தன. காரின் பின்பக்கம் உயர்ந்து நின்றது. வீதியில் சின்னப் பள்ளம் வந்தாலும் தலை கூரையில் முட்டியது. அதுதான் றேஸ் கார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போட்டி விட்பி நகருக்குப் பக்கத்தில், நான் லீவு எடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தான், அக்கா, கமலா அன்ரி மூவரும் அத்தானின் காரில் வந்தார்கள். மடக்குக் கதிரைகள், பிளாஸ்க் நிறையத் தேநீர், ஒரு தட்டு றோல்ஸ். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களுக்கும் அன்ரி றோல்ஸ் கொடுத்தார். ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் நல்லதைக் கணக்கில் எடுப்பார்கள்.

முதல் ஓட்டத்தில் மூன்றாவது கோனை வளைக்கும்போது காரின் வால் என்னை முந்திக்கொண்டு வந்தது. சுழன்று நின்றபோது நான் வெளிக்கிட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதையை விட்டு விலகினால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போனேன். இந்தமுறை மற்றப் பக்கம் சுழன்றது. ஒரு கோன் காரின் அடியில் செருகி, திரும்பி வரும்வரை என்னோடு கூடவே வந்தது. அத்தான் கைதட்டினார்.

கார்களைப் பரிசோதிக்கும் லின்டா என்ற பெண்மணி வந்து, கோனை இழுத்தெடுத்தார். பிறகு என் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினார். அசையவில்லை. ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

"தம்பி, பின்னால் எதை ஏற்றுவதாக நினைத்து இந்த ஸ்பிரிங்கைப் போட்டீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கமலா அன்ரி மடக்குக் கதிரையில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் நேரே அன்ரியிடம் போனேன். இன்னும் ஓர் ஓட்டம் இருந்தது.

"அன்ரி, ஒருக்கா வந்து பின்னுக்கு ஏறுங்கோ."

"ஏன் தம்பி?"

"உங்களை வைச்சுத்தான் கணக்குப் பாத்தனான். நீங்கள் இருந்தால்தான் கார் நேரா ஓடும்."

அக்கா தேநீரைத் துப்பிவிட்டாள். அத்தான் மெதுவாக எழுந்து, "அன்ரிக்கும் சாமானுக்கும் நூற்றைம்பதைக் கழிச்சனான் எண்டு அண்டைக்குச் சொன்னாய்?" என்றார்.

எல்லோரும் அன்ரியைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஒரு பொம்பிளையிட்டை நிறை கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? கேட்டவனிலதான் பிழை," என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

பின் இருக்கையில் ஆள் ஏற்ற அனுமதி இல்லை என்றார் லின்டா. முன்னுக்கு ஏற்றலாம், தலைக்கவசம் போடவேண்டும். அன்ரி முன்னுக்கு இருந்தால் என் கணக்குக்கு ஓர் உதவியும் இல்லை. ஆனால் வந்தவரைத் திருப்பி அனுப்புவது எப்படி? அவரோ அதற்குள் சேலையை இழுத்துச் செருகிவிட்டார். தலைக்கவசத்துக்குள் கொண்டை அடங்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கொண்டையை அவிழ்த்து, கவசத்தை மாட்டி, முன் இருக்கையில் ஏறிப் பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

"தலை சுத்தாதோ அன்ரி?"

"சுத்தும். நீர் ஓடும்."

நான் வேகமாகத்தான் வெளிக்கிட்டேன். முதல் கோனிலேயே அன்ரி என் கையைப் பிடித்துவிட்டார். "மெல்ல தம்பி, மெல்ல. இடியாதையும். பாவம், ஆரோ அடுக்கி வைச்சிருக்குதுகள்." ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எங்கும் ஓடியதில்லை. சாமத்திய வீட்டுக்குப் பாயாசம் கொண்டுபோவது போல ஓடி முடித்தேன். ஒரு கோனும் விழவில்லை. கார் ஒருமுறையும் சுழலவில்லை.

பலகையில் ஒட்டிய தாளை அத்தான் விரலால் தடவிக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டுக் கார்களில் நான் முப்பத்தேழாவது.

"கடைசி ஆளின்ர கியர்பொக்ஸ் உடைஞ்சு, அவன் காலமையே வீட்டை போயிட்டான்," என்றார்.

"நான் கடைசி இல்லைத்தானே அத்தான்?"

அவர் தாளை இன்னொருமுறை பார்த்தார். "ஓம். கடைசி இல்லை."

அத்தான் சொல் தவறாதவர். அடுத்த மாதம் தன் சின்னக் காரை விற்றுவிட்டு வான் வாங்கினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கவேண்டும். நியாயமாகப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்பிரிங்கை மாற்றவில்லை. மாற்றினால் கணக்குப் பிழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆறு வருடம் கூரையில் தலையை முட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும், அன்ரியும் கிடாரமும் ஏறிய பிறகு, அந்தக் கார் மிதந்துகொண்டு ஓடும்.

கலியாணத்துக்குப் பிறகு என் மனைவி முதல்முறை அதில் ஏறியபோது, "ஏன் இந்தக் கார் இப்பிடித் துள்ளுது?" என்று கேட்டாள். பின்னுக்கு அன்ரி இல்லை என்றேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் எது ஆடினாலும் அந்தப் பேச்சுத்தான். உடுப்புத் தோய்க்கும் மெஷின் குதித்தால், மேசையின் கால் தளம்பினால், மச்சாள்மாரோடு வாக்குவாதத்தில் நான் தடுமாறினால், யாராவது ஒருவர் "பின்னுக்கு அன்ரி இல்லை" என்பார். எங்கள் மகள் பேசத் தொடங்கிய காலத்திலேயே இதைச் சொல்லப் பழகிவிட்டாள்.

போன செப்ரெம்பரில் அவளைக் கிழக்கே ஒரு பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட்டோம். போகும்போது வான் நிறையப் பெட்டிகள், தலையணைகள், அவளுடைய ஓயாத பேச்சு. திரும்பும்போது நானும் மனைவியும் மட்டும். வெறும் வான் நெடுஞ்சாலையில் கடகடவென்று ஆடியது.  பிறகு மனைவி யன்னலைப் பார்த்தபடி, "பின்னுக்கு அன்ரி இல்லை," என்றாள். நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

விட்பிக்குத் திரும்பும் பாதை வந்ததும் நெடுஞ்சாலையை விட்டு வானைத் திருப்பினேன். அன்ரி இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். கதவைத் திறந்தவர், "என்ன தம்பி, சொல்லாமல் கொள்ளாமல்?" என்றார்.

"ஒரு கிழமை எங்களோட வந்து நில்லுங்கோ அன்ரி."

அவர் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார்.  உள்ளே போய் ஒரு பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு வந்து, பின் இருக்கையில் ஏறி இருந்தார்.