வீரியக் குளிகை விவகாரம்

ஐம்பத்திரண்டு வயதில் வாலிபத்துக்குத் திரும்பியே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு கட்டினார். ஊரான் லிஃப்டையெல்லாம் ஒன்பதாம் மாடிக்கு ஏற்றிவிடுகிற மனுஷர், சொந்த விஷயத்தில் மட்டும் தரைத்தளத்திலேயே நிற்பதா?

தபாலில் டப்பா வந்தது. 'முழுக்க மூலிகை! பக்க விளைவே கிடையாது!' என்று கொட்டை எழுத்து. எந்த மூலிகை என்பது பொடி எழுத்தில்கூட இல்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை. முப்பதாம் தேதி குளிகைகளைக் காலி வைட்டமின் டப்பாவில் கொட்டி, தன் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றாம் தேதி சாயங்காலம் முதல் குளிகை.

மனைவி மருந்துக் கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். ஒன்றாம் தேதி காலையில் வீட்டு மருந்துகளையும் விடாமல் திறந்து, தேதி சரிபார்ப்பாள். மகாபுத்திசாலி மெக்கானிக்குக்கு அது மறந்தே போனது.

முதல் வாரமே முறுக்கேறிவிட்டது. வீடு கூட்டினார். பாத்திரம் தேய்த்தார். பீரோவைத் தனியாளாக நகர்த்தினார். எல்லாம் குளிகையின் மகிமை என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டாம் வாரம் பேப்பரில் ஒரு செய்தி. இதே மாதிரிக் குளிகை தின்ற ஒருவர் ஆஸ்பத்திரியில். படித்த நிமிஷமே நெஞ்சு படபடத்தது, காது எரிந்தது. நேரே சமையலறைக்கு ஓடி, மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

"நான் செத்துடுவேனாடி?"

"கோதுமை மாவுக்கு யாரும் சாகமாட்டாங்க."

"என்ன மாவு?"

"ஒண்ணாம் தேதியே பார்த்துட்டேன். டாக்டரைக் கேட்டேன். மூலிகைன்னு சொல்லி உள்ள இங்கிலீஷ் மருந்தைக் கலந்துடறாங்களாம். உங்க பிரஷர் மாத்திரையோட சேர்ந்தா பிரஷர் ஒரேயடியா இறங்கி, ஆளே போயிடலாமாம். ஒவ்வொரு கேப்சூலா பிரிச்சு, உள்ள இருந்ததைக் கொட்டிட்டு மாவை அடைச்சு வச்சேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வேற டப்பா வாங்கி வேற இடத்துல ஒளிப்பீங்க. ஏங்க, இதையெல்லாம் என்கிட்ட சொல்லவா வெக்கம்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் உறைத்தது.

"அப்போ... அந்த முறுக்கு?"

"அதுவும் மாவுதான்."

அவள் டப்பாவைத் திறந்து அவர் உள்ளங்கையில் தட்டினாள்.

"இன்னிக்கு ரெண்டா போட்டுக்குங்க. ஜன்னல் எல்லாம் துடைக்கணும்."